கடல் எந்தப் பக்கம்

ஜூன் 16, திங்கள் (ஆனி 2)

காலையிலிருந்தே கச்சான் காற்று. புழுதியும் உப்பும். மேற்குச் சன்னல்கள் அடைத்தாயிற்று. ஆயினும் தையல் மேசையில் விரலால் பெயர் எழுதலாம் என்கிற அளவுக்கு மண்.

கூடத்து நாட்காட்டி இன்று 17 என்கிறது. மனைவி கனி இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்திருக்கிறாள். கேட்டதற்கு வந்த பதில்: "ஒரு நாளு முந்திப் போனா என்ன? ஒங்க துணி வேல சீக்கிரம் முடியும், வீடு வீடா இருக்கும்." குப்பையிலிருந்து 16ஐ எடுத்து, நீவி, குண்டூசி குத்தி, உரிய இடத்தில் வைத்தேன். தேதி என்பது அவரவர் அபிப்பிராயம் அன்று.

இன்றைய செய்தி: ஆறாவது வரிசை ஐந்தாவதோடு இணைந்தது. மேல்துணி முடிந்தது! முடிந்தே விட்டது!

எழுபத்திரண்டு வயதில் இத்தனை ஆச்சரியக்குறி முறையா? இன்று முறைதான். சென்ற ஆண்டு இதே மதுரைத் தையல் கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தேன். இரண்டாவது வரிசையிலேயே முதுகு பிடித்துக்கொண்டது. துணி பெட்டிக்குள், நான் கட்டிலில், பட்டியலில் என் பெயர் மேல் ஒரு கோடு. இந்த ஆண்டு மீண்டும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் 30க்குள் மதுரையில் ஒப்படைக்க வேண்டும். மூன்றாம் முறை கேட்க எனக்கு முகம் இராது. முதுகும் இராது.

பின்னால் படித்தால் விளங்குவதற்காக: ஆறடி நீளம், ஐந்தடி அகலம். வேம்பார் முதல் மணப்பாடு வரை நம் தூத்துக்குடிக் கரையின் வரைபடம், முழுவதும் துண்டுத் துணிகளால். கடலுக்கான நீலங்கள் அடுத்த தெரு துணிக்கடைத் தங்கராஜ் கொடுத்த வெட்டுத்துண்டுகள்: பள்ளிச் சீருடை நீலம், லுங்கி நீலம், ரவிக்கை நீலம். உப்பளங்கள் என் பழைய வேட்டிகள். தேரிக்காட்டுக்குச் செம்மண் நிறத்தில் ஒரு தலையணை உறை. கடலடியில் முத்துச்சிப்பி படுக்கும் பாறைத்திட்டுகளை நம் பக்கம் 'பார்' என்பார்கள். அவற்றுக்குக் கனியின் கிழிந்த பட்டுச்சேலை. அலுவலகத்தில் கடலாழப் படங்கள் வரைந்தே ஓய்வு பெற்றவன் நான். அதே கரையைத் துணியில் இழுப்பதில் உள்ள சுகம் தனி.

இதற்குத் தமிழில் என்ன பெயர் என்பது இன்னும் தீரவில்லை. கனி: ஒட்டுப்போர்வை. தங்கராஜ்: கந்தல். நான்: குவில்ட். 'க்வில்ட்' என்று எழுத மாட்டேன். மெய்யெழுத்தில் சொல் தொடங்கலாகாது.

முதுகு: இடது இடுப்பில் இழுப்பு. பொறுக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய் (ஆனி 3)

நாட்காட்டியும் நானும் ஒரே தேதியில்.

ஜெனிஃபர் வந்தாள். பிசியோதெரபி செய்யும் பெண். திரேஸ்புரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். காலை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, விரலால் முதுகெலும்பைத் தட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், நேத்து குனிஞ்சியளா?"

"இல்லை."

அடுக்களையிலிருந்து ஒரு குரல்: "குனிஞ்சாவ. நூல்கண்டு கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சுல்லா, அத எடுக்க. நாந்தான் பாத்தேன்."

இந்த வீட்டில் ஒற்றர் படை இருக்கிறது.

ஜெனிஃபர் கட்டளைகள்: குனியாதே. தரையில் உட்காராதே. தையல் நின்றுகொண்டே. எழும்போது முதலில் பக்கவாட்டில் புரண்டு, பிறகு கையை ஊன்று. "இன்னொரு தடவ பிடிச்சா ஆஸ்பத்திரிதான் அங்கிள். நான் வர மாட்டேன், கத்தி வரும்."

சிரித்துக்கொண்டே சொல்கிறாள். பயமாக இருந்தது.

மாலை, தாள் பிய்க்கும் வேலை. என் முறையில் ஒவ்வொரு கட்டத்தையும் முதலில் தாளில் வரைகிறேன். துணியைத் தாளுக்குப் பின்னால் வைத்து, வரைந்த கோட்டின் மேலேயே தைக்கிறேன். கோணம் மயிரிழை பிசகாது. கடைசியில் தாளைப் பிய்த்துவிட்டால் துணி மட்டும் நிற்கும். இத்தனை மாதமும் தாள் பக்கம் மேலாக, கட்டத்தின் எண் பார்த்து இணைத்தேன். தரையில் விரித்து முகத்தைப் பார்க்க ஆசை; விரித்தால் குனிய வேண்டும். ஆகவே இன்னும் பார்க்கவில்லை. மணப்பெண்ணை மணவறையில்தான் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

கனியும் பிய்த்தாள். "ரசத்துல ஒரு துண்டு கெடந்துச்சு. வேம்பாரா மணப்பாடான்னு தெரியல."

ஜூன் 19, வியாழன் (ஆனி 5)

காற்று சற்றே தணிவு. ஊஞ்சல் வழக்கு.

மேல்துணி, நடுவடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடித்துக் கச்சாத் தையல் போட வேண்டும். எல்லாரும் தரையில் விரித்துத் தவழ்ந்து செய்கிறார்கள். எனக்கு அது விலக்கு. இரண்டு நாளாக யோசித்து இன்று காலை பல் துலக்கும்போது விடை வந்தது: தரை வேண்டாம்! தொங்கவிடலாம்! கூடத்து உத்தரத்தில் ஊஞ்சல் கொக்கிகள் நான்கு, வடக்கே இரண்டு, தெற்கே இரண்டு. துணியின் மேல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் குழாய், கீழ் விளிம்பில் ஒரு குழாய். வடக்குக் கொக்கிகளில் மாட்டினால் துணி சுவர்போல நிற்கும். நானும் நிமிர்ந்து நிற்பேன். வாயில் நுரையோடு கனியிடம் ஓடினேன். (ஓடவும் கூடாது.)

"அது எங்க அப்பா ஸ்ரீவைகுண்டத்துலருந்து லாரியில ஏத்தி அனுப்புன ஊஞ்சலு. ஒங்க கந்தலுக்காவ எறக்கவா?"

"பத்து நாள்தான், கனி."

"மத்தியானம் நான் எங்கன இருந்து டிவி பாப்பேன்? ஒங்க மடியிலயா?"

நீண்ட பேச்சுவார்த்தை. உடன்பாடு: ஊஞ்சல் ஜூலை 1 அன்று மீண்டும் மாட்டப்படும். அதுவரை சாய்வு நாற்காலி அவளுக்கு. தொலைக்காட்சியைத் துணி மறைக்கலாகாது. எழுதிக் கையெழுத்திடுவோமா என்றேன். "ஒங்க கையெழுத்த வாங்கி நான் என்ன அடுப்புல வெக்கவா" என்றாள்.

நாளை தங்கராஜ் வந்து மாட்டிக் கொடுப்பான்.

ஜூன் 20, வெள்ளி (ஆனி 6)

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

மாலை விளக்கேற்றியபின் மாட்டினோம். தங்கராஜ் நாற்காலியில் ஏறிக் குழாயைக் கட்டினான். நான் முதுகைக் காட்டி நின்றேன். முழுதும் விரிந்தபின் திரும்புவதாகத் திட்டம். கனி கற்பூரத் தட்டோடு வந்துவிட்டாள்.

துணி விரிந்த ஓசை கேட்டது. பிறகு தங்கராஜின் குரல். மனமாரப் பாராட்டும் குரல்.

"அண்ணாச்சி, பிரமாதம்லா! கொல்லமா?"

திரும்பினேன்.

கடல் இடப்பக்கம் இருந்தது.

கரை வலப்பக்கம். வடக்கு மேலே, கடல் மேற்கே. தங்கராஜ் முந்திரிப்பருப்பு வியாபாரமும் சேர்த்துப் பார்ப்பவன். மாதம் தவறாமல் கொல்லம் போகிறவன். அவன் சொன்னதில் தவறில்லை. தாளில் கோட்டின் மேல் தைத்தால் துணி தாளுக்கு மறுபுறம் அல்லவா விழும்? ஆகவே துணியில் எல்லாம் இடம்வலம் மாறும். தாளில் வரையும்போதே திருப்பி வரைந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்த முதல் வாரத்தில் சொல்லித் தரும் விஷயம். வாழ்நாளெல்லாம் படம் வரைந்தவன் தூத்துக்குடியைத் தூக்கிக் கேரளத்தில் வைத்திருக்கிறேன்.

"கொல்லமும் நல்ல ஊருதான் அண்ணாச்சி" என்றான் தங்கராஜ்.

கனி கற்பூரத்தை ஏற்றினாள்.

ஜூன் 21, சனி (ஆனி 7)

பென்சிலில் எழுதுகிறேன். மல்லாந்து எழுதும்போது பேனாவில் மை இறங்கவில்லை.

விடிந்ததும் செய்த மூடத்தனம்: பிரித்துத் தைக்கலாம் என்று, துணியின் கீழ் ஓரத்தைக் கத்தரியோடு குனிந்து பிடித்தேன். மணப்பாட்டில் நாலு தையல் பிரித்திருப்பேன். 'டக்' என்றது. துணியன்று, நான்.

கட்டில் மெத்தை கூடாது, கூடத்தில் தரையில் பாய் என்று ஜெனிஃபர் தொலைபேசியில் உத்தரவு. செவ்வாய்க்கிழமை வருகிறாளாம். அதுவரை அசையக்கூடாது.

பிரித்து முப்பது கட்டத்தையும் மறுபடி தைக்க ஒன்பது நாளில் ஆகாது. அனுப்பினால் கொல்லம். அனுப்பாவிட்டால் பெயர் மேல் மறுபடி கோடு.

கனி கஞ்சி ஊட்டினாள். வேண்டாம் என்றேன். "வாயத் தொறங்க. கடலு எந்தப் பக்கம் இருந்தா என்ன, கஞ்சி தொண்ட வழியாத்தான் போணும்."

ஜூன் 22, ஞாயிறு (ஆனி 8)

நின்று எழுத வேண்டிய செய்தி! கிடந்தபடி எழுதுகிறேன்!

வரிசையாக எழுதுகிறேன். பதறக்கூடாது.

காலையில் கனி கூடத்தைத் துடைக்க வந்தாள். தொங்கிய துணியின் கீழ்முனை அவள் முகத்தில் இடித்தது. சேலை காயப்போடுகிறவள்போல, கீழ்க்குழாயைத் தூக்கித் தெற்குக் கொக்கிகளில் மாட்டிவிட்டாள். துணி படுக்கைவாட்டில் என் தலைக்கு மேலே பந்தலாயிற்று, முகம் கீழ்நோக்கி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதைப் பார்க்க எனக்கு விருப்பம் இல்லை.

துடைத்து முடித்து, இடுப்பைப் பிடித்தபடி அவளும் என் பாயில் சாய்ந்தாள். துடைக்கிற கட்டை இன்னும் கையில். பிறகு அந்தக் கட்டையால் மேலே சுட்டி:

"ஏங்க, இந்தக் கூம்பு மாதிரி இருக்கது தொறமுகந்தான?"

"ஆம்."

"அப்ப இது திரேஸ்புரம். கடலு இந்தப் பக்கம்." கட்டையைக் கிழக்குச் சுவர்ப் பக்கம் நீட்டினாள். "ரயிலடி அந்தப் பக்கம். உப்பளம் கெடக்கது கீழ்ப்பக்கமா. எல்லாம் அதது இருக்க எடத்துலதான இருக்கு? இதுல நீங்க என்ன தப்பக் கண்டிய?"

"உனக்குப் படம் பார்க்கத் தெரியாது, கனி. கடல் மாறிவிட்டது."

"எங்கன மாறிச்சு? கண்ணத் தொறந்து பாருங்க முதல்ல."

திறந்தேன். தலை தெற்கே, கால் வடக்கே கிடக்கிறேன். வலக்கையை நீட்டினேன். வலக்கைப் பக்கம் கிழக்குச் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் தெரு, தெருவுக்கு அப்பால் நிஜக் கடல். மேலே பார்த்தேன். துணிக்கடலும் வலக்கைப் பக்கமே இருந்தது.

இடக்கையை நீட்டினேன். மேற்கு. தேரிக்காடு. சரி!

தரையில் விரித்து மேலிருந்து பார்ப்பவனுக்கு நான் தைத்தது பிழை. தலைக்கு மேலே கட்டிக் கீழிருந்து பார்ப்பவனுக்கு இதுவே சரியான படம், திருப்பி வரைந்திருந்தால்தான் கொல்லம்! பிழைத்தது படமன்று, தொங்கவிட்ட விதம்!

"கனி! இது சுவரில் மாட்டுவதே அல்ல. கூரையில் மாட்டுவது! பார்க்கிறவன் படுக்க வேண்டும்!"

"அதத்தான நான் காலையிலயே மாட்டுனேன்" என்று எழுந்து போனாள்.

கச்சான் காற்றில் கடல் முழுவதும் மெல்ல ஏறி இறங்குகிறது. சாப்பிடக் கூப்பிட்டாள். சற்றுப் பொறு என்றேன்.

ஜூன் 24, செவ்வாய் (ஆனி 10)

ஜெனிஃபர் வந்தாள். துணிக்கு அடியில் தவழ்ந்து நுழைந்து என் காலைப் பிடித்தாள். பிடித்தவள் மேலே பார்த்தாள். வேலையை நிறுத்திவிட்டாள்.

"அங்கிள், இது எங்க தெருல்லா?"

"உன் தெருவே."

அனுமதிகள்: நிற்கலாம், இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு. குனிந்தால் அவள் பொறுப்பல்ல.

ஊர்ப் பெயர்களை ஊசி நூலால் எழுதத் தொடங்க வேண்டும். வடக்கு மேலே வைத்து எழுத்துகளைப் பென்சிலால் குறித்தேன். அது என் கைப்பழக்கம். கனி எட்டிப் பார்த்தாள்.

"படுத்துட்டுப் படிக்கணும்னா தல எந்தப் பக்கம் இருக்கணும்?"

"எழுத்தின் தலை இருக்கும் பக்கம். வடக்கே."

"வடக்க தலவெச்சு எவ படுப்பா? மதுரக்காரிய மட்டும் படுத்துருவாளா? நல்ல நாளு அதுவுமா!"

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று நாளாக நானே தெற்கே தலைவைத்துத்தான் கிடக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. யாரும் சொல்லவில்லை, பாயை விரித்ததும் உடம்பு தானாகத் திரும்பிப் படுத்திருக்கிறது.

எழுத்தை அழித்தேன். தெற்கு மேலே. மணப்பாடு தலைமாட்டில், வேம்பார் கால்மாட்டில். அலுவலகத்தில் இப்படி ஒரு படம் வரைந்திருந்தால் என் மேலதிகாரி மயங்கி விழுந்திருப்பார். கைக்குப் பழக ஒரு மணப்பாடு ஆயிற்று. இரண்டாவது பெயரில் ஓடத் தொடங்கிவிட்டது.

ஜூன் 25, புதன் (ஆனி 11)

காற்று பலம். மூன்று அடுக்கும் கச்சாத் தையலில் நிற்கின்றன. நடுவே கம்பளி வைக்கவில்லை, ஒற்றை வேட்டிதான். நம் ஊர் வெயிலுக்கு அதுவே அதிகம்.

புதிய முறை, நானே கண்டது (கனி: "நாம கண்டது"): துணி சுவர்போல் நிற்பதால் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நான் ஊசியை உள்ளே தள்ளுகிறேன். அவள் மறுபுறம் வாங்கித் திருப்பித் தள்ளுகிறாள். யாரும் குனிவதில்லை.

"வருகிறது."

"வந்துட்டு. இழுத்துட்டேன். இந்தா வருது."

"கொஞ்சம் கீழே."

"கீழன்னா எங்கன? ஊரச் சொல்லுங்க."

"ஆறுமுகநேரி."

"அப்படிச் சொல்லுங்க." ஊசி சரியாக ஆறுமுகநேரியில் வந்தது. பின்பக்கத்தில் தையல் தடம் தவிர வேறொன்றும் கிடையாது. விரலால் தடவியே ஊர் கண்டுபிடிக்கிறாள்.

"ஒரு கரையில நீங்க, ஒரு கரையில நான், நடுவுல கடலு. துபாய் மாப்பிளக்கு வாக்கப்பட்ட மாதிரில்லா இருக்கு."

இருமுறை என் விரலில் குத்தினாள். இரண்டாவது வேண்டுமென்றே. மதியத் தொடர் தொடங்கி முடிந்தே போயிற்று, அவள் கவனிக்கவில்லை. நான் நினைவூட்டவும் இல்லை.

தங்கராஜ் சமாதானத்துக்கு வந்தான். கையில் பொட்டலம். கொல்லத்து முந்திரி. "கோவப்படாதிய அண்ணாச்சி." பாயில் படுக்கவைத்துக் காட்டினோம். "எங்க கட எங்கன?" என்றான். கடைசி வரை அதையே தேடினான்.

மாலை மதுரைக்குப் பேசினேன். கண்காட்சி நடத்தும் விஜயா அம்மையார் பொறுமைசாலி. ஆனாலும் எல்லை உண்டு.

"பேரு என்ன சார் போடட்டும்?"

"படுத்துப் பார்."

"பாரா? சார், குடும்பத்தோட வர்ற எடம் சார் இது."

குடிக்கிற பார் அன்று, முத்துச்சிப்பி படுக்கும் பார். மேலும் படுத்துக்கொண்டு பார்க்கவும் வேண்டும் என்று விளக்கினேன். சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கூரையில் மாட்டும் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. குழுவில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூன் 27, வெள்ளி (ஆனி 13)

குழு மறுத்துவிட்டது. தொலைபேசியில் விஜயா அம்மையார்:

"தரையில அவ்வளவு எடம் குடுக்க முடியாது சார். அதோட, வர்றதுல முக்காவாசி பொம்பளைங்க. சேலை கட்டிட்டு நாலு பேர் முன்னாடி யாரு படுப்பா? செவுத்துல மாட்டிருவோம். நல்லாத்தான் இருக்கும்."

சுவரில் மாட்டினால் கொல்லம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி விளக்கினேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலும். கனி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள்.

"யம்மா, நான் அவுக வீட்டம்மா பேசுதேன். ஆமா. பாதி நான் தச்சது. ஆமா, முதுகு சரியில்லதான். இல்லம்மா, கிறுக்கு இல்ல, கொஞ்சம் பிடிவாதம். ஒரு மூலை குடுங்க. ஒரு பாயி நான் கொண்டாறேன். மொத நாளு மத்தியானம் வரைக்கும் யாரும் படுக்கலன்னா நீங்களே அவுத்துச் செவுத்துல போட்டுக்கிடுங்க. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். அவுக பேசுவாவ, அத நான் பாத்துக்கிடுதேன்."

சம்மதித்துவிட்டார்கள்!

ஆக, முதல் நாள் மதியம். அதற்குள் முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆள் படுக்க வேண்டும். நாங்கள் படுத்தால் கணக்கில்லை.

"பொம்பள படுப்பாளா, கனி?"

"நான் படுப்பனான்னு கேட்டா, மாட்டேன்" என்றாள். இதை அவள் தொலைபேசியில் சொல்லவில்லை.

ஜூன் 29, ஞாயிறு (ஆனி 15)

முடிந்தது. ஓரப்பட்டி தைத்தாயிற்று. ஒரு மூலையில் இரண்டு பெயர், என்னுடையதும் அவளுடையதும். அவள் பெயரைப் பெரிதாகத் தைத்துவிட்டேன், இடக்கணக்கில் பிசகு. திருத்தவில்லை.

தங்கராஜின் தம்பி நாளை சரக்கு எடுக்க மதுரை போகிறார். அவர் வண்டியில் துணி போகிறது. மடிக்கக்கூடாது, குழாயில் சுருட்டியபடியே. மேலே வேட்டி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள். எந்தப் பக்கம் கிழக்கு என்று மூன்று இடத்தில் எழுதி ஒட்டினேன்.

முதுகு: ஆச்சரியம். நின்று தைத்த நான்கு நாளில் இழுப்பு குறைவு.

கூடம் வெறிச்சென்று. ஊஞ்சலை இன்றே மாட்டிவிடவா என்றேன். "ஜூலை ஒண்ணுன்னுதான பேச்சு" என்று சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

ஜூலை 5, சனி (ஆனி 21). மதுரை

மண்டபத்தில் நின்றபடி எழுதுகிறேன்.

நேற்றே வந்து மாட்டினோம். திசைகாட்டி கொண்டுவந்திருந்தேன். மண்டபத்தின் உத்தரங்கள் திசைக்குச் சரியாக இல்லை; கயிறு கட்டிக் கோணலாகத் தொங்கவிட்டால்தான் கிழக்கு கிழக்கில் வருகிறது. "கோணலா இருக்கே சார்" என்றார்கள். மண்டபம்தான் கோணல் என்றேன். கனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

காலை: நல்ல கூட்டம். சுவரெல்லாம் என்னென்ன வேலைப்பாடுகள்! பெங்களூர்க்காரர் ஒருவர் ஒரு மயிலை ஆயிரம் துண்டில் வைத்திருக்கிறார். நம் மூலைக்கு வருகிறவர்கள் நிற்கிறார்கள், கழுத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள், பாயைப் பார்க்கிறார்கள், புன்னகைத்துப் போய்விடுகிறார்கள். கல்லூரிப் பெண்கள் நால்வர்: "நீ படுடி." "நீ படு." "ஐயோ, ஃபோட்டோ எடுத்துருவாங்க." ஓடிவிட்டார்கள். ஒருவர் பாயில் செருப்பை விட்டுப் போனார்.

கனி பட்டுச்சேலையில் நாற்காலியில். என்னைப் பார்ப்பதைத் தவிர்த்தாள்.

மதியம் நெருங்க, விஜயா அம்மையார் வந்தார். பின்னால் இருவர் ஏணியோடு. "நான் சொன்னேன்ல சார்" என்றார், வருத்தத்தோடுதான். ஏணியைச் சாய்த்தார்கள். கனி எழுந்தாள். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவிழ்த்தால் எந்த முடிச்சு முதலில் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன், அவ்வளவுதான் நினைக்க முடிந்தது.

அப்போது கனத்த ஓர் அம்மாள் வந்தார். அறுபதுக்கு மேல். ஒரு கை இடுப்பில், மறு கையில் செருப்பு. குவில்ட் எதையும் அவர் பார்க்கவில்லை. பாயை மட்டும் பார்த்தார்.

"யாத்தாடி, முதுகு விட்டுப்போச்சு. காலையிலருந்து நிக்கிறேன். ஏங்கய்யா, இந்தப் பாயில செத்த சாஞ்சுக்கிறவா?"

யாரும் பதில் சொல்லுமுன் இறங்கிவிட்டார். கையை ஊன்றி, பக்கவாட்டில் புரண்டு, ஜெனிஃபர் சொல்லித் தந்ததுபோலவே! ஒரு கணம் நிதானித்து, "வடக்கு எதுப்பா?" என்றார். காட்டினேன். தலையைத் தெற்கே வைத்துக் கண்ணை மூடினார். "ஸ்ஸ்... அம்மா."

ஏணிக்காரர்கள் ஏணியைப் பிடித்தபடி நின்றார்கள்.

கண்ணைத் திறந்தார்.

மேல் சன்னல் வெளிச்சம் நடுவடுக்கின் ஒற்றை வேட்டி வழியாக இறங்கி, நீலங்கள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. மின்விசிறிக் காற்றில் துணி அசைந்தது.

"ஆத்தீ" என்றார் அந்த அம்மாள். "தண்ணிக்கு அடியில கெடந்து மேல பாக்குற மாதிரில்ல இருக்கு."

எனக்குத் தோன்றவே இல்லை. மாதக்கணக்கில் தைத்தேன், நாள்கணக்கில் அடியிலேயே கிடந்தேன். திசையைத்தான் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. கனியின் பட்டு, பார் இருக்கும் இடங்களிலெல்லாம் மினுங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரிங்கம்மா, மத்தவங்களும் பாக்கணும்" என்றார் விஜயா அம்மையார்.

"போம்மா, இப்பத்தான் வலி விட்டுருக்கு."

அடுத்து அவருடைய தோழி ஒருவர் படுத்தார், அவருக்கும் இடுப்பு. பிறகு மயில் தைத்த பெங்களூர்க்காரர், அவருக்குக் கழுத்து. இந்த மண்டபத்தில் குனிந்து தைத்து முதுகைத் தொலைக்காதவர் ஒருவரும் இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது! படுத்தவர் எழுவதில்லை. எழுந்தவர் போவதில்லை, அடுத்தவருக்கு எந்தப் பக்கம் தலைவைப்பது என்று சொல்லிக்கொண்டு நிற்கிறார். ஏணியைக் கொண்டுபோய்விட்டார்கள். விஜயா அம்மையார் இன்னொரு பாய்க்கு ஆள் அனுப்பியிருக்கிறார்.

வரிசை வாசல் வரை. தைத்தவன் நான் என்று சொல்லி முன்னால் போகலாமா என்று கேட்டேன். "வரிசையில வாங்க சார்" என்றார்கள். எனக்கு முன்னால் ஒன்பது பேர். எட்டாவது ஆள் கனி. பட்டுச்சேலை கசங்காமல் இருக்க முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டிருக்கிறாள்.